கௌபோயும் கனமூலை மாட்டுக்காரனும்

கல்லூரி அன்னையின் விழா மலருக்கு நாமும் ஏதேனும் எழுதுதல் வேண்டும் என்று மலர்க் குழுவினர் பணித்தபோது, எதனை எழுதுவது என்று சில நாள் சிந்தித்தோம். பழைய ஆசிரியர்களைப் பற்றியும், விடுதிச் சோற்றைப் பற்றியும், கிரிக்கெற் ஆட்டங்களைப் பற்றியும் எழுதுவதற்கு நம்மினும் வல்லவர் பலர் உளர். அவற்றை அவர்களிடமே விட்டுவிட்டு, சிறிது விசித்திரமான பொருளொன்றை எடுத்துக்கொள்கின்றோம். கௌபோய் என்று உலகம் அழைக்கும் அமெரிக்க மாட்டிடையனைக் கதையிலே நம்பத்தக்க மனிதனாகப் படைப்பது எவ்வாறு என்பதே அப்பொருள். இந்துக் கல்லூரி மலருக்கும் கௌபோய்க்கும் என்ன உறவு என்று அன்பர்கள் நகைக்கலாம். உறவு உண்டு என்பதை இறுதியிலே காண்பார்கள்.

இப்பொருள் நம்மைத் தேடி வந்த வகையை முதலிற் சொல்லிவிடுகின்றோம். நம் கல்லூரியிற் பயின்று வெளியேறிய இளைஞர் ஒருவர் புத்தளம் மாவட்டத்திலே, கனமூலைக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றில் ஆசிரியராக இருக்கின்றார். எழுத்தார்வம் மிக்கவர். அறுபது பக்கத்திற் கதையொன்று எழுதி, "ஐயா, இதில் வரும் கௌபோய் நம்பத்தக்கவனாக இருக்கின்றானா என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டு நமக்கு அனுப்பியிருந்தார். படித்தோம். அகன்ற தொப்பி, இடுப்பில் இரண்டு துப்பாக்கி, கரிய குதிரை, மதுக்கடைக் கதவைக் காலால் உதைத்துத் திறக்கும் வீரன், மூன்று பகைவர், மூன்று குண்டு, பின்னர் அந்தி வெயிலை நோக்கிய பயணம். நடை நன்றாகவே இருந்தது. ஆயினும், அறுபது பக்கத்தைப் புரட்டியும் ஒரு மாடுதானும் நம் கண்ணிற் படவில்லை. பெயரிலேயே மாட்டை வைத்திருக்கும் ஒருவனுடைய கதையில் மாடு இல்லை!

இளைஞரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர் கண்ட கௌபோய் அத்தகையவனே. 1972 இல் முத்து காமிக்ஸும் 1984 இல் லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கின. அவற்றின் வழியே மேற்குப்புற வீரர்கள் பலர் தமிழ் பேசினர். அவர்களுள் புகழ் மிக்க டெக்ஸ் வில்லர், அமெரிக்காவிற் பிறந்தவனல்லன். 1948 இல் இத்தாலியிலே பொனெல்லி என்னும் எழுத்தாளரும் கலெப்பினி என்னும் ஓவியரும் படைத்த பாத்திரம் அவன். திரைப்படத்தை எடுத்துக்கொண்டால், கர்ணனின் 'கங்கா' 1972 இலும் 'எங்க பாட்டன் சொத்து' 1975 இலும் தமிழகத்துப் பாறை நிலத்திற் குதிரைகளை ஓடவிட்டன. 2010 இல் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' அவ்வேடத்தையே கேலியாக்கிச் சிரிக்க வைத்தது. இவற்றுக்கு முன்னோடியான சேர்ஜியோ லியோனியின் 1964 ஆம் ஆண்டுப் படமோ இத்தாலியர் இயக்கி ஸ்பெயின் நாட்டிற் படம்பிடித்தது. இன்னும் பின்னே சென்றால், 1893 இல் வினற்றூ கதைகளை நூலாக்கிய ஜேர்மானியர் கார்ல் மே அமெரிக்க மண்ணை மிதித்தது 1908 இலேதான். தொப்பி நாடு விட்டு நாடு சென்றது. ஒவ்வோர் எல்லையைக் கடக்கும்போதும் மந்தையிலிருந்து சில மாடுகள் தவறிப்போயின. கனமூலை வந்து சேர்ந்தபோது தொப்பி மட்டுமே எஞ்சியது.

அப்படியாயின் உண்மையான கௌபோய் யாவன்? அவன் கூலியாள். இதனை மறந்தவுடன் எல்லாம் பொய்யாகிவிடுகின்றது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்தபோது ரெக்சாஸ் மாநிலத்திலே நீண்ட கொம்புள்ள மாடுகள் பெருகிக் கிடந்தன. அங்கே ஒன்று நான்கு டொலர் அளவில் விலைப்பட்டது. வடக்கே புகைவண்டி நிலையம் வரை கொண்டு சேர்த்தால் அதுவே நாற்பது டொலர் வரை பெறும். 1867 இல் கான்சாஸ் மாநிலத்தின் அபிலீன் ஊரில் மாட்டுச் சந்தை திறக்கப்பட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் மாடுகள் கொண்ட மந்தையைப் பத்துப் பன்னிரண்டு பேர் நாளொன்றுக்குப் பத்து முதற் பதினைந்து மைல் வீதம் மாதக்கணக்காக ஓட்டிச் சென்றனர். மாதக் கூலி முப்பது நாற்பது டொலர். மாடு முதலாளியுடையது. ஏறிய குதிரையும் பெரும்பாலும் முதலாளியுடையதே. ஓட்டியவனுக்குச் சேணம் ஒன்றே சொந்தம்.

அவன் அஞ்சியது பகைவனின் துப்பாக்கியையன்று. ஆற்று வெள்ளத்தையும், இடி மின்னலையும், நள்ளிரவில் மந்தை மிரண்டு ஓடுவதையும் அஞ்சினான். இரவுக் காவலிலே மந்தையைச் சுற்றி வந்தவாறு தாழ்ந்த குரலிற் பாடினான். பாட்டு மாட்டுக்காக; மனிதக் குரல் கேட்டால் அது அமைதியடையும். கயிறு வீசும் வித்தையும், அதற்குரிய சொற்களும் மெக்சிக்கோ நாட்டு இடையரிடமிருந்து பெற்றவை. மந்தை ஓட்டியவர்களுள் நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு. திரைப்படம் அவர்களை நெடுங்காலம் காட்டவில்லை. 1883 இல் ரெக்சாஸ் வடபுறத்து இடையர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்து தோற்றனர் என்று சொன்னால் நம் இளைஞர் நம்புவாரோ! 1874 இல் காப்புரிமை பெற்ற கிளிடனின் முட்கம்பி மேய்ச்சல் வெளியைத் துண்டாடிற்று. 1886–87 குளிர்காலத்திலே மாடுகள் பல்லாயிரமாக மடிந்தன. நெடுவழி மந்தை ஓட்டம் இருபது ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அக்குறுகிய காலத்துக் கூலியாளே உலகமெங்கும் வீரனாக உலவுகின்றான்.

இவ்வேறுபாட்டை இரு நூல்கள் நன்கு விளக்கும். 1902 இல் ஓவன் விஸ்டர் 'வேர்ஜீனியன்' என்னும் நாவலை வெளியிட்டார். பிலடெல்பியா நகரத்தவர், ஹார்வர்டிற் பயின்றவர். அவருடைய கதாநாயகன் பெருமிதமும் பேச்சுத் திறனும் வாய்ந்தவன். மாட்டோடு மல்லுக்கட்டுவதோ அரிது. அடுத்த ஆண்டு, 1903 இல், அன்டி ஆடம்ஸ் 'ஒரு கௌபோயின் குறிப்பேடு' என்ற பொருள்படும் நாவலை எழுதினார். அவர் தாமே ரெக்சாஸ் வழிகளில் மந்தை ஓட்டியவர். கௌபோய் என்ற பெயரில் உலவிய பொய்யுருவங்களைக் கண்டு சலித்தே எழுத முற்பட்டார். 1882 ஆம் ஆண்டிலே மெக்சிக்கோ எல்லையிலிருந்து மொன்ரானா வரை ஒரு மந்தை செல்லும் கதை அது. பெருங்காதல் இல்லை, பெருஞ்சண்டை இல்லை. ஆறு கடப்பதும், நீர் தேடுவதும், எண்ணிக்கை சரி பார்ப்பதுமே கதை. முன்னது உலகப் புகழ் பெற்றது. இடையன் ஒருவன் எவ்வாறு வாழ்ந்தான் என்பதை அறிய விரும்புவோர் பின்னதையே நாடுகின்றனர்.

நம் முன்னோர் இவ்வுண்மையை அறியாதவரல்லர். ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் வெட்சி, கரந்தை என்று பெயரிட்டுப் புறத்திணையில் வைத்த மொழி நம்முடையது. தமிழகத்திலே செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பல, ஆநிரைப் பூசலில் மாண்டோரின் நினைவாக நட்டவை. அவற்றுள் எடுத்தனூர்க் கல் நம் நெஞ்சை விட்டு அகலாதது. மகேந்திரவர்மனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்லிலே கருந்தேவகத்தி என்னும் வீரனோடு ஒரு நாயும் பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டுக் கூறுகின்றது. பதின்மூன்று நூற்றாண்டு கடந்த பின்பும் அவ்வீரனை நாம் நம்புவதற்குக் காரணம் அந்த நாயின் பெயர்! தன் தலைவனைப் புகழ வந்த கல்வெட்டாசிரியன், கூட நின்ற விலங்கையும் மறவாமற் பெயர் சொல்லிக் குறித்தான். அவனிடம் நம் எழுத்தாளர் கற்க வேண்டியது உண்டு.

இக்காலத் தமிழிலும் வழிகாட்டிகள் உளர். சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' காளையையும் காளை அணைபவனையும் அவ்விருவரையும் ஆட்டிவைக்கும் ஜமீனையும் ஒரே மைதானத்தில் நிறுத்திற்று. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவர்களின் பசியையும் அடிமை வாழ்வையும் சொல்லிற்று. நம் நாட்டிலே, 'நிலக்கிளி' தந்த அ. பாலமனோகரன் தமது 'வட்டம்பூ' நாவலில் வன்னிக் காட்டிற் கட்டாக்காலியாய்த் திரியும் குழுமாடுகளை வார்க்கயிறு கொண்டு பிடிப்போரைப் படைத்தார். ரெக்சாஸ் கயிற்றுக்கு உடன்பிறப்பு முல்லைத்தீவிலேயே இருந்தது. அதனைக் கண்டெழுத ஒருவர் வேண்டியிருந்தது, அவ்வளவே.

இவற்றையெல்லாம் கடிதமாக எழுதி அனுப்பலாம் என்றிருந்த நாம், இளைஞர் வருந்தி அழைத்தமையால் விடுமுறை நாளொன்றிற் கனமூலைக்கே போய்ச் சேர்ந்தோம். புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடையே, மதுரங்குளியை அடுத்துள்ள ஊர். தென்னந்தோட்டங்களும் மணற்றரையும் நிறைந்த பிரதேசம். முஸ்லிம் மக்கள் செறிந்து வாழ்வது. தெற்கே உடப்பு என்னும் பழந்தமிழ்க் கடற்கரைக் கிராமத்தில் திரௌபதை அம்மன் தீமிதிப்பு ஆண்டுதோறும் நிகழ்கின்றது. வடமேற்கே கற்பிட்டி. அங்கே குதிரை இல்லை. கட்டாக்காலியாய்த் திரியும் கழுதைகளே உண்டு. கற்பிட்டி என்றவுடன், அங்கு 1807 இற் பிறந்த சைமன் காசிச்செட்டி நினைவுக்கு வருகின்றார். 1834 இல் இலங்கையின் ஊர்களையெல்லாம் அகர வரிசையில் விவரித்து ஆங்கில நூலொன்று வெளியிட்டவர் அவர். கதை எழுதுவோனும் முதலில் அத்தகைய பொறுமையோடு ஊரைப் பார்க்க வேண்டியவன் என்று இளைஞரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவ்வேளையில் தென்னைகளினூடே மந்தையொன்று வந்தது. பின்னால், சாரத்தை மடித்துக் கட்டி, கையில் ஒரு கம்புடன் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். இளைஞர், "நானா, கொஞ்சம் நில்லுங்கோ" என்றார். அவர் நின்றார், மாடுகள் நிற்கவில்லை. வீடு தெரிந்தவை.

"எத்தனை மாடு, நானா?" என்று கேட்டோம்.

"இருபத்தாறு ஐயா. அதுல என்ட நாலு. மத்ததெல்லாம் ஊராக்கள்ட."

"பின்னேரத்தில் எண்ணிப் பார்ப்பீர்களோ?"

"எண்ணத் தேவையில்ல ஐயா. எது வரல்லண்டு மனசு சொல்லிரும்."

"வராவிட்டால்?"

"தேடித்தான் போகணும். விடியுமட்டும் தேடுவேன். சோறு இறங்காது. களவு போறது ஒரு பக்கம். ஆரும் பயிர் வச்ச தோட்டத்துக்க போய்ட்டா அது பெரிய கரைச்சல்."

கூலி, பால், கன்று, மழை, வறட்சி என்று பலவும் கேட்டோம். எல்லாவற்றுக்கும் விடை இருந்தது. முன்னர் மேய்ந்த வெளிகள் பல இப்போது வேலியடைக்கப்பட்டுவிட்டன என்றார். 1980களில் இம்மாவட்டக் களப்புக் கரைகளில் இறாற் பண்ணைகள் பெருகியதும், 1990களின் நடுவில் வெண்புள்ளி நோய் வந்து பல குளங்கள் பாழாய்க் கிடந்ததும் நாம் அறிந்ததே. முட்கம்பி ரெக்சாஸ் இடையனுக்குச் செய்ததை ஏதோ ஒரு வேலி ஒவ்வோர் ஊர் இடையனுக்கும் செய்துகொண்டே இருக்கின்றது. 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தையும், மாட்டுக்குக் குறி சுடுவதையும், ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்கு மாடு கொண்டு செல்வதற்கான அனுமதியையும் அவர் நம்மினும் நன்கு அறிந்திருந்தார். சட்டம் தெரியாத மாட்டுக்காரன் கதையில்தான் உண்டு.

இறுதியாக, இத்தொழிலை எங்கே பழகினீர்கள் என்று கேட்டோம். சாதாரணமாகக் கேட்ட கேள்வி.

"வாப்பாட்டத்தான். எங்கட ஊர் முசலிப் பக்கம். வாப்பாக்கு அம்பது அறுபது மாடு நிண்டது. தொண்ணூறில வெளிக்கிடச் சொன்ன நேரம் எல்லாத்தையும் அவிழ்த்து விட்டுட்டு வந்தம். கட்டி வச்சிட்டு வந்தா செத்துப் போயிருமே ஐயா."

சிறிது நின்று, "வாப்பா மௌத்தாகுமட்டும் அதுகள்ட பேரச் சொல்லிக்கொண்டு இருந்தாரு" என்று சொல்லிவிட்டு, மாடுகளின் பின்னே போய்விட்டார்.

நாம் இருவரும் சற்று நேரம் பேசவில்லை. 1990 ஒக்டோபரிலே வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரமே கொடுக்கப்பட்டது. ஏனைய இடங்களில் ஓரிரு நாள். எழுபதினாயிரம் பேருக்கு மேற்பட்ட அம்மக்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் அகதிகளாய் வந்திறங்கினர். இவையெல்லாம் நமக்குத் தெரியாதவையல்ல. நூல்களிற் படித்திருக்கின்றோம். ஆயினும், புறப்படும் அவசரத்திலே தொழுவத்துக்குப் போய், ஒவ்வொரு மாட்டின் கழுத்துக் கயிற்றையும் அவிழ்த்துவிட்ட ஒரு மனிதரை நாம் எந்தக் கதையிலும் கண்டதில்லை. இளைஞர் மெல்லச் சொன்னார்: "ஐயா, இரண்டு வருடமாக இவரிடம்தான் பால் வாங்குகின்றேன். இது எனக்குத் தெரியாது."

இவ்விடத்திலேதான் சேக்கிழார் சொல்லும் திருமூலர் வரலாறு நம் நினைவில் எழுந்தது. அன்பர்கள் அறிந்ததே. காவிரிக் கரையிலே சாத்தனூர் இடையனாகிய மூலன் மேய்ச்சற் புலத்தில் இறந்து கிடக்கின்றான். பசுக்கள் அவனைச் சூழ்ந்து, மோந்து, கதறுகின்றன. அவ்வழி வந்த சிவயோகியார் பசுக்களின் துயரைக் காணப் பொறாது, மூலன் உடலிற் புகுந்து எழுகின்றார். பசுக்கள் மகிழ்கின்றன. அந்தியிலே அவை தத்தம் வீடு சேர்கின்றன. ஆனால், காத்திருந்த மூலனின் மனைவி வந்து நெருங்கியபோது அவர் விலகி நிற்கின்றார். இவன் தன் கணவன் அல்லன் என்பதை உணர்ந்த அவள் ஊராரிடம் முறையிடுகின்றாள்.

எழுத்தாளனும் கூடு விட்டுக் கூடு பாய்பவனே. தான் அல்லாத ஒருவனின் உடலிற் புகுந்து நடக்க முயல்பவன். அவனுக்கு இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது மாடுகளின் சோதனை. தொழிலின் விவரம் சரியா, கயிறு சரியா, கூலி சரியா, மேய்ச்சல் சரியா என்பது அது. நம் இளைஞரின் கதை அதிலேயே தவறியது. கற்றுக்கொண்டால் அதில் வென்றுவிடலாம். நூலும் பொறுமையும் போதும். இரண்டாவது மனைவியின் சோதனை. அது கடினம். வீட்டில் இருப்பவர்கள், "ஆம், இவன் எங்களவன்" என்று ஏற்க வேண்டும். அவன் எதனைச் சொல்லாமல் விடுகின்றான், எந்தத் திசையைப் பார்க்கும்போது மௌனமாகின்றான், யாருக்குக் கடன்பட்டிருக்கின்றான், எதனை இழந்து இங்கு வந்தான் என்பவற்றை அறிந்தாலன்றி அந்தச் சோதனையில் தேற முடியாது. சிவயோகியாராலேயே தேற முடியாத சோதனை அது!

இதற்கு மறுப்பொன்று எழும். அவ்வாறாயின் மாட்டுக்காரனே மாட்டுக்காரனைப் பற்றி எழுதல் வேண்டும். முஸ்லிம் எழுத்தாளரே முசலியை எழுதல் வேண்டும். நமக்கென்ன வேலை என்பர். அதனை நாம் ஏற்கவில்லை. லெனாட் வுல்வ் 1904 முதல் 1911 வரை இந்நாட்டில் இருந்த ஆங்கில அதிகாரி. அம்பாந்தோட்டையிலே மாட்டுக் கொள்ளைநோய் பரவியபோது, நோயுற்றுத் திரிந்த கால்நடைகளைச் சுட வேண்டிய கடமை அவருக்கு நேர்ந்தது, ஊரார் வெறுத்தனர். அவரே 1913 இற் காட்டோரக் கிராமம் ஒன்றைப் பற்றி எழுதிய நாவல் இன்றும் இந்நாட்டு மக்களால் மதிக்கப்படுகின்றது. சேனை அனுமதி, கடன், விதானையின் பகை ஆகியவை ஓர் ஏழையை எவ்வாறு நெரிக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். தாம் அவ்வேழைக்கு எதிர்ப்புறத்து நாற்காலியில் இருந்தவர் என்பதையும் மறக்கவில்லை. அயலவன் எழுதலாம். தான் எங்கே நின்று பார்க்கின்றோம் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும்.

நமக்கும் அதுவே பொருந்தும். இத்தகைய மலர்களிலே நம் இடப்பெயர்வுகளையும், எரிந்த நூலகத்தையும், இழந்த வீடுகளையும் பற்றி நாம் பல முறை எழுதியுள்ளோம், எழுதியது நியாயமே. ஆனால், நம் பெயராலே துரத்தப்பட்டவர்களின் தொழுவத்தைப் பற்றி நம்முள் எத்தனை பேர் எழுதினோம்? துப்பாக்கி ஏந்திய அந்நிய வீரனைப் படைப்பது நமக்கு எளிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று ஐயுறுகின்றோம். அவனுடைய பகைவர் மூவர் எங்கோ ஓர் ஊரில் வீழ்வர். நாம் எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கனமூலை மாட்டுக்காரனை எழுதினாலோ, அவன் நம் முகத்தைப் பார்ப்பான்.

ஆகவே கௌபோயைப் பற்றி எழுதாதே என்று நாம் இளைஞரைத் தடுக்கவில்லை. விரும்பினால் ரெக்சாசுக்கே போகட்டும். ஆனால் குதிரை மேல் ஏறிப் போக வேண்டாம். கூலிக் கணக்கோடு போகட்டும். மூவாயிரம் மாட்டில் ஒன்று காணாமற்போன இரவிலே தன் வீரன் உறங்குவானா என்று முதலிற் கேட்கட்டும். அவன் விட்டு வந்த ஊர் எது, அங்கே அவன் பெயரைச் சொல்பவர் யார் என்று கேட்கட்டும். இக்கேள்விகளுக்கு விடை காணும் வழியை அவர் ரெக்சாசிலே தேட வேண்டியதில்லை. பால் வாங்கும் படலையடியில் நின்று கேட்டாலே கற்றுக்கொள்ளலாம்.

திருமூலர் வரலாற்றில் இன்னுமொரு செய்தி உண்டு. மறுநாள் தம் பழைய உடலைத் தேடிச் சென்ற சிவயோகியார் அதனைக் காணவில்லை. இடையன் உடலிலேயே தங்கினார். அவ்வுடலிலிருந்தே திருமந்திரம் பிறந்தது. பிறன் உடலில் உண்மையாகவே புகுந்தவன் பழைய ஆளாகத் திரும்புவதில்லை. அவ்வாறு திரும்பாமற் போவதற்கு அஞ்சாதவனே எழுத்தாளன்.

இளைஞர் இப்போது புதிய கதையொன்றை எழுதிக்கொண்டிருக்கின்றார். தொப்பி இல்லை, துப்பாக்கியும் ஏறக்குறைய இல்லை. ஒரு தொழுவமும், அவிழ்க்கப்பட்ட கயிறுகளும், சில மாடுகளின் பெயர்களும் உண்டு என்று எழுதியிருக்கின்றார். முடிந்ததும் நமக்கு அனுப்புவதாகச் சொன்னார். நமக்கு அனுப்புமுன் கனமூலையிலே அந்த நானாவுக்கு வாசித்துக் காட்டுமாறு பதில் எழுதியுள்ளோம். அவரும் அவர் வீட்டாரும் கேட்டுவிட்டு, "ஓம், இப்படித்தான்" என்று சொல்வாராயின், கல்லூரி அன்னையின் அடுத்த மலரிலே அதற்கு இடம் ஒதுக்குமாறு மலர்க் குழுவினரை இப்போதே வேண்டிக்கொள்கின்றோம்.